ஒற்றைப் பாராட்டு

"அந்தச் சின்னக் குழுவோட புது இசைத்தட்டை எல்லாப் பத்திரிகையும் கிழிகிழின்னு கிழிச்சிருக்கு. நீங்க மட்டும் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க," என்றாள் மனைவி.

"அவனுங்களுக்குக் காது இருந்தாத்தானே? நாட்டுப்பாட்டைக் கனவுக்குள்ள நடக்கவிட்ட மாதிரி பாடியிருக்காங்க. அதைப் போய் அவசரக் கூச்சல்னு எழுதுறான்," என்றார் விமர்சகர்.

தட்டை எடுத்து உறையில் போடப்போனவள் நின்றாள். "ஏங்க, இதுல நாற்பத்தஞ்சு வேகம்னு அச்சாகியிருக்கு. பிளேயரோட வேகக் குமிழ் முப்பத்திமூணுல நிக்குதே. எனக்காகப் பழைய பாட்டுத் தட்டைப் போட்டுட்டு மாத்தாம விட்டுட்டீங்களா?"

அவர் குமிழைத் திருப்பி வைத்து மறுபடி கேட்டுப் பார்த்தார். அவசரக் கூச்சலேதான்.

இத்தனை வருடம் காப்பாற்றிய மானம் கப்பலேறியது. குழுவின் பாடகிக்குப் போன் போட்டார்.

"மன்னிச்சிடும்மா. தப்பான வேகத்துல, ரொம்ப மெதுவா ஓடவிட்டுக் கேட்டுட்டுப் பாராட்டி எழுதிட்டேன். அடுத்த வாரம் திருத்தம் எழுதிடறேன்."



"நாங்க பாடினதே மெதுவாத்தான் சார்," என்றாள் பாடகி. "தட்டுல வேகத்தைத் தப்பா அச்சடிச்சிட்டாங்கபோல. ஏன் திட்டுறாங்கன்னே புரியாம, குழுவைக் கலைச்சிடலாம்னு உக்காந்திருக்கோம். இதுவரைக்கும் எங்க பாட்டைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."