அடைத்த உண்டியல்

அப்பா இறந்தபின் அந்தப் பித்தளை உண்டியல் என்னிடம் வந்தது. காசு போடும் வாயை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். ஏனென்று அப்பாவின் தங்கை கமலாம்பாள் அத்தைதான் சொன்னாள்.

அவள் வயிற்றில் இருந்தபோது தாத்தா மலேயாவுக்குக் கப்பலேறினார். அவர் திரும்பி வரவேண்டுமென்று பாட்டி மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து உள்ளே போட்டு, வேறு காசு கலக்காதபடி வாயை அடைத்துவிட்டாள். அவர் வரவில்லை. அத்தை அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"நான் இருக்கறப்பவே தெறந்துடுப்பா. வேண்டுதல் காசைக் கோயில்ல சேத்துடணும்" என்றாள்.

திருவிடைமருதூரில் ஒரு பாத்திரப் பட்டறையில் அடிப்பக்கத்தை அறுத்துத் திறந்தார்கள். துணி இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. காசு இல்லை. ஈர மஞ்சள் என் விரலில் ஒட்டியது.

"ஈயத்துல யாரும் கைவைக்கலீங்க" என்றார் பட்டறைக்காரர்.

வீட்டில் அத்தை துணியை வாங்கி முகர்ந்தாள். கூடத்தில் இரண்டு இலை போட்டாள்.

"நீங்களும் உக்காருங்கத்தை."

"நான் அப்புறம் சாப்பிடறேன்."

இரண்டு இலையிலும் சோறு வைத்து, குழம்பும் ரசமும் ஊற்றினாள். மோர் எடுக்கப் போனவள், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்குக் குனிய முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். எச்சில் கையோடு போய் எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் வேறு யாருமில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது பக்கத்து இலை உள்பக்கமாக மடித்திருந்தது.

அத்தை மோர்ச் செம்புடன் நின்றாள்.

"மோர் ஊத்தறதுக்குள்ள எந்திரிச்சுட்டாரே" என்றாள்.