நாரின் பாலத்துக்கு வந்த ஆட்சேபம்

எர்மெக்கின் பாலத் திட்டத்தைப் பரிசீலிக்கும் பொறுப்பு தன்னிடம் வந்ததும் ஜுமாபெக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"நேத்து வந்த பய. அதுக்குள்ள நாரின் ஆத்துல பாலம், அமைச்சர் வாயால பாராட்டு!"

பிஷ்கெக் நகரின் அந்தப் பாலக் கட்டுமான அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக இருந்தும், ஜுமாபெக்கின் ஒரு திட்டம்கூடத் தேறியதில்லை.

மூன்று வாரம் வரி வரியாகத் துருவினான். கடைசியில் அகப்பட்டது. நடுத்தூண் நிற்க வேண்டிய இடத்தில் பாறையே இல்லை, வெறும் வண்டல். அவன் எழுதிய ஆட்சேபத்தைப் படித்த ஒப்புதல் குழு, பாலத்தை நிறுத்திவைத்தது.

எர்மெக்கின் முகம் தொங்குவதைப் பார்க்கவே தேநீர் அறைக்குப் போனான். எர்மெக்கோ ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"ரொம்ப நன்றிண்ணே! எங்கம்மா அந்தக் கரையிலதான் இருக்காங்க. தினம் அந்தப் பாலத்துல நடக்கப்போறவங்க அவங்கதான்."

"நன்றியை டைரக்டருக்குச் சொல்லு. ஃபைலை எனக்கு அனுப்புனது அவர்தானே?"

"நான்தாண்ணே அவர்கிட்ட கெஞ்சினேன். மத்தவங்க சிரிச்சுக்கிட்டே கையெழுத்து போட்டுடுவாங்க. என்னைக் கண்டாலே ஆகாத நீங்கதான் ஒரு வரி விடாம படிப்பீங்க."

இப்படியொரு யோசனை தனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று ஜுமாபெக்குக்கு வயிறு எரிந்தது.