பாலாடைத் தண்ணீர்

கதவு மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பெயரைச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் சொல்லிவிட்டாள். நெற்றியில் மூன்று முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். நர்ஸ் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் முருகன் கோயிலுக்குப் போறவம்மா. நான் சொன்னா செல்லுமா?"

"செல்லும் சிஸ்டர். உயிருக்கு ஆபத்துன்னா யார் வேணா குடுக்கலாம். கெஞ்சிக் கேக்குறேன், போங்க."

நர்ஸ் உள்ளே ஓடினாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அவள் கதவின் கண்ணாடியில் தட்டினாள்.

யாரும் திரும்பவில்லை.

உள்ளே, பிறந்து இரண்டே நாளான அவள் பிள்ளை. டாக்டர் இரண்டு விரல்களால் அதன் மார்பை அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கினார். நிறுத்தினார். மறுபடி அமுக்கினார்.

பங்குச் சாமியாரை அழைத்துவரக் கணவன் போயிருந்தான். இன்னும் காணவில்லை.

தாத்தா பெயர்தான், மிக்கேல், என்று மாமியார் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். ஆனால் சாமியார் தண்ணீர் ஊற்றும்வரை அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம். அதுவரை தம்பி. வெறும் தம்பி.

அதனால்தான் அவள் வாயில் பெயர் வரவில்லை.

கடவுள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். மறைக்கல்வி வகுப்பில் கேட்டது. பெயரில்லாமல் போனால்?

மறுபடி தட்டினாள். தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது.

நர்ஸ் மேசையிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தாள். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னப் பாலாடை. அதில் தண்ணீர் ஊற்றினாள். டாக்டரின் காதருகே ஏதோ கேட்டாள். அவர் தலை நிமிராமல் லேசாக நகர்ந்தார்.

நர்ஸின் கை பிள்ளையின் நெற்றிக்குப் போனது.

நின்றது.

பெயர் தெரியாமல் நிற்கிறாள்.

"மிக்கேல்!" அவள் கத்தினாள். கண்ணாடியில் மூச்சு படிந்தது. துடைத்தாள். அதற்குள் நர்ஸ் குனிந்திருந்தாள். முகமூடிக்குள் உதடு அசைந்ததா இல்லையா, எதுவும் தெரியவில்லை.

டாக்டர் விரல்களை எடுத்துவிட்டார்.

மறுபடி வைக்கவில்லை.

கணவனும் சாமியாரும் படியேறி ஓடி வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தான். சாமியார் எதுவோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வெள்ளைத் துணியில் பிள்ளையைக் கொண்டுவந்தாள்.

பிள்ளையின் முன்தலை மயிர் ஈரமாக இருந்தது.

"சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. மூணு வாட்டி ஊத்துனேன். அப்ப உசிரு இருந்துச்சு."

"பேரு?"

நர்ஸ் தலை குனிந்துகொண்டாள்.

"நீங்க சொல்லலையே. பேரில்லாம எப்படிக் கூப்புடறது? கதிர்வேலுன்னு வாயில வந்துருச்சு. எம் மவன் பேரு. மன்னிச்சிருங்கம்மா."

"என்ன படிக்கிறான்?"

எதற்குக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருந்திருந்தா மூணாவது."

வராந்தாவில் யாரோ டிபன் கேரியரைத் திறந்தார்கள். சாம்பார் வாசனை வந்தது.

"அந்தப் பேரச் சொல்லி யாரு கூப்புட்டாலும் அங்க அவன் திரும்பிப் பாப்பான்மா. உங்க புள்ளைய வாங்கிக்குவான்."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், மரச்சிலுவைக்கு வெள்ளையடித்துவிட்டு உபதேசியார் பிரஷ்ஷோடு காத்திருந்தார்.

"மிக்கேல்னு போடுங்க" என்றான் கணவன்.

"இல்லங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவனுக்குப் பேரு வெச்சாச்சு."

சொன்னாள். மாமியார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் குழிக்குள் கிடந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம். தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகு வாசனையுமாக ஜனம். அவள் மண்மேட்டின் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது.

கையில் ஒரு முழம் மல்லிகை. நெற்றியில் திருநீறு. முன்பின் பார்த்திராத முகம். கண்களை மட்டும் அடையாளம் தெரிந்தது. முகமூடிக்கு மேலே பார்த்த கண்கள்.

அந்தக் கண்கள் சிலுவையில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தன.



அவள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினாள்.