பரீத் மலை ஏறுகிறான்

"இம்புட்டுத் தண்ணி எதுக்குடி? நான் மலை ஏறப் போறேனா, தீயணைக்கப் போறேனா?"

பரீத் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தான்.

"வெயில்ல நா வறண்டுட்டா என்னண்ணே செய்வ? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் தங்கை ரூபினா. சொல்லிக்கொண்டே ஒரு முழு தர்ப்பூசணியையும் பைக்குள் தள்ளினாள்.

உண்மையில் அவள் அண்ணனின் நல்லதை நினைக்கவே இல்லை. மறுநாள் வாடிப்பட்டிப் பக்கம் மலையேற்றம். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். இயற்கை ஆர்வலர் குழு ஒன்று அழைத்துப் போகிறது. அதில் ஷாகிரும் வருகிறான் என்று, கூட வரவிருக்கும் தோழி ஃபாயிஸா சொன்னதிலிருந்து ரூபினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஷாகிர் அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை. அடுத்த மாதம் நிக்காஹ். பெண் பார்க்க வந்த அன்று, அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் "டீ நல்லாருக்கு" என்று அவன் சொன்னதுதான் இதுவரை நடந்த பேச்சு. அதற்கப்புறம் போனில்கூடப் பேசக் கூடாது என்று அம்மா சபுரா கறாராகச் சொல்லிவிட்டாள். ரூபினாவுக்கோ அவனிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். கே.கே. நகர் பள்ளிக்கூடத்தில் அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த டீச்சர் வேலை, நிக்காஹ்வுக்குப் பிறகும் தொடருமா?

ஷாகிர் வருவதைப் பற்றி மூச்சே விடாமல் அத்தா முகம்மது கனியிடம் அனுமதி கேட்டாள்.

"போயிட்டு வா. ஆனா பரீத் கூட வரணும். உன்னைய விட்டு அவன் ஒரு அடி நகரக் கூடாது" என்றுவிட்டார்.

பரீத்தோ, அத்தாவின் பாத்திரக் கடை மாடியிலிருந்து ஒரு குக்கர் எடுக்க வேண்டுமென்றாலும் கீழே நின்று சத்தம் போடுகிறவன். முதல் ஏற்றத்திலேயே அவனை உட்கார வைத்துவிட்டால் போதும். அதற்குத்தான் இந்தத் தண்ணியும் தர்ப்பூசணியும். போதாததற்குக் கொத்துப் பரோட்டா வாங்கிக் கொடுத்து அவன் வயிற்றையும் நிரப்பினாள்.

விஷயம் தெரியாத சபுரா, விடிந்ததும் தன் பங்குக்குப் பெரிய தூக்கில் பிரியாணியைக் கட்டி நீட்டினாள். "புள்ள பசி தாங்க மாட்டான்."

ரூபினா ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஷாகிர் நிற்பதைப் பார்த்ததும் பரீத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடிப்பாவி! இதுக்குத்தான் தர்ப்பூசணியா? நட, நானும் வாரேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயே வாரேன்."

சொன்னபடியே நடந்தான். ரூபினாவின் முகம் தொங்கிப்போனது. முதல் வளைவில் பரீத்துக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் நிழலாக ஒரு பாறை இருந்தது. அதில் உட்கார்ந்தவனை யாராலும் எழுப்ப முடியவில்லை.

"முடியலையாண்ணே?"

"பேசாத."

"அப்ப இங்கயே இரு. என் கூடத்தான் ஃபாயிஸா இருக்காளே. எறங்கும்போது உன்னையக் கூட்டிக்கிறோம்."

ரூபினா ஏறிய வேகத்தில் வழியில் இருந்த குரங்குகளே ஒதுங்கின. மேலே ஷாகிர் காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் எதையோ கேட்டாள். அவன் பலமாகத் தலையாட்டினான். அவள் சிரித்த சிரிப்பு பாறை வரைக்கும் கேட்டது.

அத்தா சொல்லி அனுப்பியது பரீத்துக்கு நினைவுக்கு வந்தது. மறைத்தால் இன்னும் வம்பு என்று போனை எடுத்தான்.

"அத்தா, என்னால முடியல. உக்காந்துட்டேன். ரூபினா மேல போயிட்டா. ஷாகிரும் இங்கதான் இருக்காரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போறாங்கத்தா. தப்பு என் மேலதான்."

முகம்மது கனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"புள்ள சிரிக்குதாடா?"

"சிரிக்குதுத்தா."

"அது போதும். உங்கம்மா காதுக்கு மட்டும் போயிறாமப் பாத்துக்க" என்ற முகம்மது கனியும் சிரித்துவிட்டார். "மாப்ளய அங்க வரச் சொன்னதே நான்தான். ரெண்டு வளைவுக்கு மேல நீ ஏற மாட்டேன்னு தெரிஞ்சுதான்டா உன்னையத் துணைக்கு அனுப்புனேன்!"