பதினைந்தாயிரம் கிலோமீட்டர்

லாம்ப்ரோஸ் டாக்ஸியை விட்டு இறங்கியபோது, அம்மாவின் குழியில் மண் போட்டு முடித்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டார் பாரு துரை!" என்றாள் அக்கா எவாந்தியா. நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

அவன் பெட்டியைப் போட்டுவிட்டு ஈர மண்ணில் மண்டியிட்டான். அழுகை வரவில்லை. பாதிரியார்தான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கல்லறையை ஒட்டிய கூடத்தில் எல்லோருக்கும் காபியும் பிராந்தியும் வந்தன. அவன் எதையும் தொடவில்லை.

"போன் வந்ததும் கிளம்பிட்டேன்க்கா. மெல்போர்ன்லேர்ந்து ஏதென்ஸ் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர். இருபத்தோரு மணி நேரம். நடுவுல மாற வேண்டிய ப்ளைட் வேற லேட்டு. அப்புறம் ஏதென்ஸ்லேர்ந்து இந்த வோலோசுக்கு..."

"எங்கிட்ட கணக்குச் சொல்லாதே! ஒரு வருஷமா அம்மா முதியோர் இல்லத்துல படுத்த படுக்கையா கிடந்தாளே, அப்ப ப்ளைட்டே ஓடலையா?"

"புது வேலைக்கா. லீவு கேட்டேன், தரலை."

"பெத்தவளைவிட வேலை பெரிசாப் போச்சு! எல்லாத்தையும் நான் ஒருத்தி தலையில சுமந்தேன்."

பக்கத்தில் இருந்த சித்தி உச்சுக் கொட்டினாள்.

அவள் சொல்வதும் சரிதான் என்று பட்டது லாம்ப்ரோசுக்கு. அக்கா இருப்பது லாரிசாவில். காரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். தினமும் போனில் அம்மாவும் அதைத்தானே சொன்னாள்? 'எவாந்தியா இப்பத்தான் வந்துட்டுப் போனா. சூப் கொண்டுவந்தா. நீ கவலைப்படாம வேலையைப் பாரு.' அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவன் அங்கே தூங்கினான். இனி அந்தக் குரலும் இல்லை.

அப்போது இல்லத்தின் நர்ஸ் மத்தினா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். வேலை முடிந்து நேராக ஓடி வந்திருக்கிறாள். எவாந்தியாவைக் கண்டதும் அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்கதானேம்மா கிரிசூலாம்மா பொண்ணு? ஜாடையே சொல்லுதே! நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசமாச்சு, இன்னிக்குத்தான் உங்களைப் பார்க்கிறேன். எப்பவும் உங்க பேச்சுத்தான். 'பொண்ணு ஆஸ்திரேலியாவுல இருக்கா. ப்ளைட்லயே ஒரு நாள் ஆகுமாம். பாவம், அவ எப்படி வருவா? பையன்தான் பக்கத்துல, லாரிசாவுல. ஒரு நாள் விடாம போன் பண்ணிடறான்'னு சொல்வாங்க. கடைசி வாரமெல்லாம் கதவையே பார்த்துட்டு இருந்தாங்கம்மா."

எவாந்தியாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அருகில் நின்ற அவள் கணவன் வேறு பக்கம் பார்த்தான்.

சித்தி கோப்பையை டக்கென்று கீழே வைத்தாள். "என்னம்மா உளர்றே? லாரிசாவுல இருக்கிறது இவ..."

"சித்தி, சும்மா இருங்க!" என்றான் லாம்ப்ரோஸ்.

பிறகு நர்சின் பக்கம் திரும்பினான். இப்போதுதான் அவன் குரல் உடைந்தது.

"ஆமாம்மா. அக்காவுக்குத்தான் ரொம்ப தூரம்."