மூன்று மணிப் பாட்டு

“அந்த ஆளை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க.”

பேராசிரியை நீட்டிய புகார்க் கடிதத்தைக் குடியிருப்புச் செயலாளர் வாங்கிக்கொண்டார்.

“பக்கத்து வீட்டு டெய்லரா மேடம்? அவர் சாதுவாச்சே.”

“சாது பாடினா காது வலிக்காதா? தினமும் டாண்ணு மூணு மணிக்கு ஆரம்பிச்சிடறார். மிஷின் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கண்ணனையும் விடறதில்ல, அல்லாவையும் விடறதில்ல. நான் புத்தகம் எழுத வேண்டாமா?”

“என்ன புத்தகம் மேடம்?”

“பக்தி இயக்கமும் சூஃபிகளும் நம்ம சமூகத்தை எப்படி மாத்தினாங்கன்னு. முப்பது வருஷமா நான் நடத்தின பாடம்.”

பேராசிரியையின் எழுத்து மேசை மேலிருந்த தாளைச் செயலாளர் எட்டிப் பார்த்தார். ‘நெசவாளி தறியில் இருந்தபடியே பாடினான். செருப்புத் தைத்தவன் ஊசியைக் கீழே வைக்காமல் பாடினான். சாதியோ மதமோ கேட்காமல் அந்தப் பாட்டு அடுத்த வீட்டுக்குள் போனது.’

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்குப் பாட்டு இல்லை. தையல் மிஷின் மட்டும் ஓடியது.

பேராசிரியைக்கு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. கணவர் போய் எட்டு மாதம். ஓய்வு பெற்று இரண்டு மாதம். போன் அடித்தால் ராங் நம்பராகத்தான் இருக்கும். இந்த வீடு இவ்வளவு பெரியதா என்று அன்றுதான் தோன்றியது.

நான்கு மணிக்குச் செயலாளர் வந்தார்.

“டெய்லர் உடனே ஒத்துக்கிட்டார் மேடம். உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு தெரியலையாம். மன்னிக்கச் சொன்னார்.”

“பரவாயில்லை.”

அவர் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

“ஐயா படுத்த படுக்கையா இருந்தப்ப நீங்க காலேஜ் போயிடுவீங்க இல்லையா...”

“நர்ஸ் இருந்தாங்களே.”

“அவங்க மூணு மணிக்குக் கிளம்பிடுவாங்களாம். நீங்க வர அஞ்சரை ஆகுமாம். அந்த நேரத்துல ஐயா மருந்துக் கரண்டியால சுவத்தைத் தட்டுவாராம். ஒரு தட்டுன்னா கண்ணன் பாட்டு. ரெண்டு தட்டுன்னா பக்கீர் பாட்டு. டெய்லர் மிஷினை நிறுத்தாமலே பாடுவாராம்.”

பேராசிரியை கட்டிலோரச் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஈரம் அரித்துவிட்டது என்று நினைத்து, பூசுவதற்கு ஆள் சொல்லி வைத்திருந்தார்.

“எங்கிட்ட அவர் சொன்னதே இல்லையே.”

“சொன்னா நீங்க வேலையை விட்டுட்டு வந்து உட்கார்ந்துடுவீங்கன்னு பயமாம்.”



“சரி, இப்ப எதுக்குப் பாடறார்? தட்டத்தான் ஆள் இல்லையே.”

செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கடைசி வாரம் டெய்லர் பார்க்க வந்தப்ப ஐயா கேட்டுக்கிட்டாராம். ‘அவ ரிடையர் ஆனா பகல் பூரா தனியா கிடப்பா. அவளுக்குத் தட்டத் தெரியாது. நீங்களா பாடுங்க’ன்னு.”

அவர் போன பிறகு, பேராசிரியை அலமாரி முழுக்கத் துழாவி மருந்துக் கரண்டியைத் தேடி எடுத்தார். கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பள்ளங்களின் மேலேயே தட்டினார். எத்தனை தட்டு என்று எண்ணவில்லை.

அந்தப் பக்கம் மிஷின் நின்றது.