தயக்கமின்றிப் பேசுவார்

"‘புரிந்துகொள்வார்’ வேண்டாம், வேல்பாண்டி. புரிஞ்சுச்சா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க? மண்டையத் தெறந்தா?"

தேவயானி மேடம் தாளைத் திருப்பித் தந்தார். கம்பத்தில் திராட்சைச் சாறு போடும் கம்பெனி ஒன்றின் மேலாளர் அவர். அங்கே ஊழியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளுக்குப் பாடம் எழுதுவது வேல்பாண்டியின் வேலை.

இந்த முறை தலைப்பு, ‘அலுவலகத்தில் தயக்கமின்றிப் பேசுதல்’. முதலில் நோக்கத்தை எழுத வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஒருவர் என்ன செய்வார் என்பது, கண்ணால் பார்க்கிற மாதிரி, ஒரே வரியில் இருக்க வேண்டும்.

வேல்பாண்டிக்குக் கை ஓடவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அன்று தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். "இந்த ஒரு வரிய முடிச்சுட்டுக் கெளம்புங்க" என்று மேடம் சொன்னதற்கு, "சரிங்க மேடம்" என்றிருந்தான். யார் எதைக் கேட்டாலும் அவன் சொல்வது அதுதான்.

‘தயக்கமின்றிப் பேசுவார்’ என்று மாற்றிக்கொண்டு வந்தான்.

"யார்கிட்ட? கண்டக்டர்கிட்டயா, பொண்டாட்டிகிட்டயா?"

‘மேலதிகாரியிடம்’ என்று சேர்த்தான்.

"என்ன பேசுவார்? வணக்கம் சொன்னாக்கூடப் பேச்சுத்தான்."

வெகுநேரம் யோசித்து, ‘மேலதிகாரி நியாயமில்லாத வேலையைத் தந்தால், அவர் முகத்தைப் பார்த்து, முடியாது என்று சொல்வார்’ என்று கம்ப்யூட்டரில் அடித்தான். அழித்துவிட்டு, மறுபடியும் அதையே அடித்தான்.

மேடம் இரண்டு முறை படித்தார். "இப்பத்தான் தெளிவா இருக்கு."

"எத்தன பிரிண்ட் எடுக்கணும் மேடம்?"

"ஒண்ணு போதும்."

வேல்பாண்டி பையை எடுத்தான்.

"ஒரு நிமிஷம். எழுத்த நீலத்துல மாத்திருங்க."

மாற்றினான். பச்சைதான் எடுப்பாக இருக்கும் என்றார். பச்சையாக்கினான். அதற்குள் தங்கச்சி நாகஜோதி போனில் வந்துவிட்டாள்.

"அண்ணே, எங்கன இருக்க? மொட்டை போட்டாச்சு. ஆசாரி வந்து ஒக்காந்திருக்காக. பிள்ள அழுது அழுது தூங்கிருச்சு."

"பஸ் ஏறிட்டேன் ஆத்தா" என்று கூசாமல் பொய் சொன்னான்.

மேடம் பச்சை எழுத்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இதையே மலையாளத்துலயும் எழுதிருங்க."

"மலையாளத்துல எனக்குச் சாயா கேக்க மட்டுந்தான் தெரியும், மேடம்."

"அது போதும். மிச்சத்த யோசிச்சு எழுதுங்க."

"சரிங்க மேடம்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முதல் எழுத்தே அகப்படவில்லை. மறுபடி போன்.

"அண்ணே, நேரம் போகுதாம். என் கொழுந்தன் மடியிலயே வச்சுக் குத்திருவோம்ங்கறாக."

வேல்பாண்டிக்குக் காதெல்லாம் சூடானது. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனான். அவர் முகத்தை நேராகப் பார்த்தான். இத்தனை வருடத்தில், அவர் மூக்குத்தி போட்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"முடியாது மேடம்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தான். ஆனாலும் நகரவில்லை.

மேடம் பேனாவைத் திறந்து, தாளில் அந்தப் பச்சை வரிக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

"கெளம்புங்க. வாசல்ல என் கார் நிக்கிது, டிரைவர் கொண்டுபோய் விடுவாரு."

வேல்பாண்டிக்கு ஒன்றும் ஓடவில்லை. வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். "அப்ப அந்தப் பயிற்சி, மேடம்? எப்ப ஆரம்பிக்கணும்? யார் யார் வர்றாக?"

"அது இப்பத்தான் முடிஞ்சுச்சு. அதுல சேந்ததே நீங்க ஒருத்தர்தான்."